மலைக் கிழங்கும் மாம்பழ ஆலையும்

ஜின்செங் என்ற பெயர் நம்மவருக்குப் புதிதன்று. வேலைக் களைப்பால் வாடியவர்களுக்கும் நடுவயதைக் கடந்தவர்களுக்கும் உற்சாகம் ஊட்டுவதாக விளம்பரம் செய்யப்படும் மாத்திரைப் பெட்டிகளின்மீது, விட்டமின்களின் பெயர்களுக்கெல்லாம் முன்னதாக, அந்தச் சொல் கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டபடியால், அது ஏதோ ஆய்வுச்சாலையில் வடிக்கப்படும் ரசாயனச் சரக்கு என்றே நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது மண்ணிலே விளைகிற, சதைப்பற்றுள்ள ஒரு வேர். கொரிய தேசத்தார், இளங்கோழியின் வயிற்றுக்குள் பிசின் அரிசியையும் பூண்டையும் இலந்தைக் கனியையும் அவ்வேரையும் வைத்துக் கொதிக்கவிட்டு, கோடையின் உச்ச நாட்களில், வியர்க்க வியர்க்க அந்தச் சாற்றைப் பருகுகிறார்கள். தேனில் ஊறப்போட்டுத் தின்பண்டமாக்குகிறார்கள், வில்லைகளாகச் சீவித் தேநீர் போடுகிறார்கள், மிட்டாய்க்குள்ளும் வைக்கிறார்கள். அவர்களுக்கு அது மருந்தாவதற்கு முன்னாலும் உணவு, மருந்தான பின்னாலும் உணவு.

அந்த வேரின்மேல் அவர்கள் செலவிடுகிற பொறுமையை நாம் கவனிக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் வாடிவிடுகிற செடியாதலால் பாத்திகளின்மேல் நிழற்பந்தல் வேய்ந்து, நான்கு ஆண்டுகளோ ஆறு ஆண்டுகளோ காத்திருந்து தோண்டுகிறார்கள். தோண்டியதை அப்படியே உலர்த்தினால் வெள்ளை ஜின்செங். ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் செம்பழுப்பு நிறமேறி, நெடுநாள் கெடாதிருக்கும் சிவப்பு ஜின்செங். இந்தச் சிவப்பு வேரின் வியாபாரத்தை 1899-இல் கொரிய அரண்மனை நிர்வாகமே தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. ஆட்சிகள் மாறியும் அந்த அரசுத் தனியுரிமை 1996 வரையில் நீடித்தது. உலக நாடுகளின் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் ஜின்செங் பொருள்களுக்கென 2015-இல் ஒரு தரநிர்ணயத்தை ஏற்றுக்கொண்டபோது, அத்தரம் உணவாகவும் உணவில் சேரும் பொருளாகவும் பயன்படுவனவற்றுக்கு மட்டுமே உரியது, மருந்தாக உபயோகிப்பவற்றுக்கு உரியதன்று என்பதை அந்த ஏட்டிலேயே தெளிவுபட எழுதிவைத்தது. நம் நாட்டில் மூலிகைப் பொருள் விற்க முற்படுகிறவர்கள் படித்துப் பார்க்கவேண்டிய ஏடு அது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் ஜின்செங் என்று வணிகர்கள் பட்டஞ்சூட்டி வைத்திருப்பது அமுக்கராவுக்கு, அதாவது அசுவகந்திக்கு. கத்தரிக்காயின் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடிக்கும் ஜின்செங்குக்கும் தாவரவியல் முறையில் எவ்வித உறவும் இல்லை. ஆறு மாதத்துக்குள் விளைந்துவிடுகிற பயிர் அது. மத்தியப் பிரதேசத்தின் நீமச்சும் மந்த்சௌரும் அதற்குப் பேர்போன இடங்கள். வேரைவிட்டு இலையைப் பயன்படுத்துவது தகாதென்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை கூறியதும், டென்மார்க் தேசம் 2023-இல் அமுக்கராவையே உணவுப் பொருள்களில் தடை செய்ததும், பட்டம் மட்டும் போதாது என்பதற்குச் சான்றுகள். ஆயினும் அமுக்கராவைப் பற்றி நான் இங்கே அதிகம் பேசப்போவதில்லை. அதை யாரும் நாக்கின் ருசிக்காகத் தின்பதில்லை. பாலில் கலக்கிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்கள். உணவென்று சொல்லத்தக்க ஒரு வேர், சேஷாசல மலைகளின் பாறைச் சரிவுகளிலே, திருப்பதிக்கு வந்து போகிற லட்சோபலட்சம் யாத்திரிகர்களின் கண்ணுக்கு எட்டாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் மாகாளிக் கிழங்கு.

தெலுங்கர்கள் மாரேடு கொம்முலு என்றும் நன்னாரி கொம்முலு என்றும் அழைக்கும் இந்தக் கிழங்கு, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த, பால் வடிகிற ஒரு கொடியின் வேர்த்தொகுதி. தாவர நூலார் இதற்கு டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்று பெயரிட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவின் மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வளராத இனம் இது. பாறை இடுக்கிலே வேரோடி, அருகிலுள்ள மரத்தையோ புதரையோ பற்றிக்கொண்டு ஏறும் இக்கொடி, மழையற்ற மாதங்களைக் கடப்பதற்காக மண்ணுக்கடியில் சேர்த்து வைக்கிற சேமிப்பே விரல் பருமனும் அதற்கு மேலுமாகத் திரண்டு நிற்கிற இக்கிழங்குகள். பக்கத்திலேயே செம்மரமும் இப்படிப்பட்ட வறண்ட மண்ணில்தான் வைரம் பாய்கிறது; ஆனால் செம்மரத்துக்குக் கிடைத்த கீர்த்தியும் காவலும் கொடிக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுச் சமையலறைகளில், சிறப்பாகத் தஞ்சை, வட ஆர்க்காடு முதலிய பகுதிகளில், மாகாளிக் கிழங்கு ஊறுகாய் போடுவது ஒரு சடங்கைப் போலவே நடந்துவந்தது. கிழங்கை நீரில் ஊறவிட்டு, மண் போகத் தேய்த்துக் கழுவி, மேல்தோலைச் சீவி, நடுவிலே ஓடும் கட்டையான நரம்பை நீக்கிவிட்டு, சதையை மட்டும் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். எலுமிச்சைச் சாற்றிலோ, புளித்த மோரிலோ, கெட்டித் தயிரிலோ அத்துண்டுகளைப் போட்டு, கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்து, உப்பிட்டு ஜாடியில் மூடிவைத்தால், ஓராண்டுக்கும் தயிர்ச்சாதத்துக்குத் துணை தயார். இதன் வாசனையைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, அந்த மணம் வந்தாலே இலையில் இன்னொரு பிடி சோறு இறங்கும் என்னும். மற்றக் கட்சி, மூட்டைப்பூச்சியை நசுக்கினாற்போல் இருக்கிறதென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடும். நடுநிலையாளரை நான் கண்டதில்லை.

மலைக்கு அந்தப் பக்கத்திலோ இதே கிழங்கு ஊறுகாயாவதில்லை, சர்பத்தாகிறது. சித்தூர், கடப்பை, அனந்தப்பூர், கர்நூல் ஆகிய ராயலசீமை ஜில்லாக்களில் சித்திரை வெயில் ஏறியதும் தெருமுனைதோறும் முளைக்கிற நன்னாரி சர்பத் கடைகளிலே, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பழுப்பு நிறப் பாகை ஊற்றி, சோடாவை உடைத்துக் கலக்கித் தருகிறார்களே, அந்தப் பாகின் மணம் பெரும்பாலும் இம்மலைக் கிழங்கினுடையது. மதுரையில் நாம் குடிக்கும் நன்னாரி வேறு. அது தரையிலே படரும் மெல்லிய கொடி. அதன் வேர் கம்பியைப் போல ஒல்லியாயிருக்கும். இரண்டும் ஒரே குடும்பத்தவை, இரண்டிலும் மணத்துக்குக் காரணமான பொருள் ஒன்றே. ஆகையால் ஒல்லி வேர் கிடைக்காதபோது கொழுத்த வேரைக் கொடுப்பதும், இரண்டையும் ஒரே பெயரால் விற்பதும் மூலிகைச் சந்தையில் வெகுகாலமாக நடந்துவருகின்றன. குடிக்கிறவருக்கு இதனால் பெரிய தீங்கொன்றும் இல்லை. ஆனால் புட்டியின்மேல் எந்தச் செடி என்று எழுதாதிருக்கிற வரையில், எந்தச் செடி மலையில் குறைந்துவருகிறது என்பதும் யாருக்கும் தெரியவராது.

அந்த மணப்பொருள் எது என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2-ஹைட்ராக்ஸி-4-மெதாக்ஸி பென்சால்டிஹைடு என்பது அதன் நீண்ட பெயர். கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் நாம் அறிந்த வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலினும் இதுவும், ஒரே வீட்டுச் சாமான்களை இரண்டு பெண்கள் வெவ்வேறு விதமாக அடுக்கி வைத்தாற்போல, ஒரே அணுக்கள் இடம் மாறி நிற்பதால் அமைந்த இரு உருவங்கள். கிழங்கின் ஆவியெண்ணெயில் மிகுதியாக இருப்பது இதுவே. நுண்கிருமிகளை அடக்குகிற ஆற்றலும் அந்த எண்ணெய்க்கு உண்டு. மாகாளி ஊறுகாய் எளிதில் கெடாததற்கு உப்பும் புளிப்பும் மட்டுமின்றி இதுவும் துணைசெய்கிறதென்று கொள்ளலாம். தானியத்தை அரிக்கும் வண்டுகளைக் கிழங்கின் சாரம் கட்டுப்படுத்துகிறது என்பதை அந்நிலையத்தார் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை காட்டிற்று. பூச்சியைக் கொல்வதும் மனிதன் தின்பதும் ஒரே பொருளாயிருப்பது விசித்திரந்தான். பூண்டும் பெருங்காயமும் அப்படித்தானே!

பின்னர் அதே நிலையத்தில் சிவானந்தப்பாவும் அவருடைய மாணாக்கர்களும் இக்கிழங்கிலே உயிரணுக்களை ஆக்சிஜன் சிதைவிலிருந்து காக்கக்கூடிய பொருள்கள் பலவற்றைப் பிரித்தெடுத்தார்கள். நஞ்சூட்டப்பட்ட எலிகளின் ஈரலை இதன் சாரம் ஓரளவு காப்பதையும் கண்டார்கள். இவ்விடத்திலே வாசகர்கள் சற்று நின்று யோசிக்கவேண்டும். எலியின் ஈரலுக்கு நல்லதென்று ஆய்வுச்சாலையில் கண்டது, மனிதனின் ஈரலைக் குணப்படுத்தும் மருந்தென்று கடைப்பலகையில் எழுதப்படுவதற்கு இந்நாளில் ஒரு வாரங்கூட ஆவதில்லை. பெருந்தொகையாக மனிதர்களிடத்தில் சோதிக்கப்பட்டுள்ள ஜின்செங் விஷயத்திலேயே முடிவுகள் ஒன்றுக்கொன்று இசையாமல் கிடக்கின்றன. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடும்போது ஜாக்கிரதை வேண்டுமென்று வைத்தியர்கள் எச்சரிப்பதும் உண்டு. மாகாளிக் கிழங்கைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: பல தலைமுறைகளாக மக்கள் உண்டுவந்திருக்கிறார்கள், உண்டவர்கள் நன்றாகவே இருந்திருக்கிறார்கள், அதன் மணம் ஈடற்றது. ஒரு நல்ல உணவுப்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர இது தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

போதாதென்று நினைக்கிறவர்களே சர்பத்தை ஆரோக்கிய பானம் என்று விற்கிறார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். சர்பத் என்ற பெயருக்கு உரிய பாகில் நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையாமல் கரைபொருள் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. அந்தக் கரைபொருளில் கிட்டத்தட்ட முழுவதும் சர்க்கரையே. ஒரு தம்ளருக்கு 30 மில்லி பாகு ஊற்றினால் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டி, உள்ளே போய்விடுகிறது. நாள் முழுவதற்கும் ஒருவருக்கு 50 கிராமுக்குள் நிற்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையிலிருந்து கிடைக்கும் கணக்கு. வெயிலில் இரண்டு தம்ளர் சர்பத் குடித்தவருக்கு அன்றைய காப்பியில் போட்டுக்கொள்ள ஒரு சிட்டிகையும் மிஞ்சாது. கிழங்கின் பங்கோ இதில் மிகவும் சொற்பம். மலிவான புட்டிகளில் கிழங்கே இல்லாமல் வாசனைச் சத்தும் நிறமும் சேர்த்த பாகும் உண்டு. சர்பத்தை நான் பழிக்கவில்லை. கத்திரி வெயிலில் அதற்கு நிகர் அதுவே. குளிர்ச்சிக்கும் இன்பத்துக்கும் குடிக்கிற பொருளை ஆரோக்கியத்தின் பெயரால் குடிப்பதுதான் பிசகு.

உடல்நலத்தில் கருத்துள்ளவர்களுக்கு இக்கிழங்கைக் கொண்டு என்ன செய்யலாம்? முதலில் அதன் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். மணப்பொருள் ஆவியோடு ஓடிவிடக்கூடியது. கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் தெருவுக்கெல்லாம் மணக்கும், புட்டியில் மட்டும் மணம் இராது. இடித்த கிழங்கின்மேல் வெந்நீரை ஊற்றி, வாயை இறுக மூடி, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் வடிகட்டுகிற பழைய வீட்டு முறையில் ஒரு சாஸ்திர நியாயம் இருக்கிறது. அந்த வடிநீரே தொழிலுக்கு மூலாதாரம். அதில் சர்க்கரையைப் போட்டால்தான் பானம் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடிக்கிற நம் ஜனங்கள், நன்னாரி மணக்கிற வெறும் நீரைச் சோடாவோடு குடிக்கத் தயங்கமாட்டார்கள். நிழலிலோ குறைந்த சூட்டிலோ உலர்த்திய வில்லைகளைக் காற்றுப் புகாத உறையிலிட்டு, கொரியர்கள் செய்கிறதைப் போலத் தேநீருக்கு விற்கலாம். மோரில் கலக்கும் பொடியாக்கலாம். மோரும் மாகாளியும் ஏற்கெனவே நம் ஊறுகாய் ஜாடியில் பழகிய சிநேகிதர்கள். பால்கோவாவிலும் ஐஸ்கிரீமிலும் வனிலாவின் இடத்தை இது வகிக்கக்கூடும். மலையேறி இறங்கும் யாத்திரிகன் கொறித்துக்கொண்டு போக, வேர்க்கடலையும் வெல்லமும் எள்ளும் சேர்ந்த கட்டியிலும் இடம்பெறலாம். ஊறுகாயின் விஷயத்தில் குறைக்கவேண்டியது உப்பு. உப்பைக் குறைத்தால் கெடாமல் வைப்பதற்குப் புளிப்பை ஏற்றவேண்டும் அல்லது குளிரில் வைக்கவேண்டும். இதற்கெல்லாம் கைப்பக்குவம் போதாது, அமிலமானியும் அளவுகோலும் தேவை.

சட்டத்தின் வழியும் தெரிந்திருக்க வேண்டும். சத்துணவுச் சேர்மானங்களுக்கும் மூலிகை சேர்ந்த உணவுகளுக்குமான விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வெளியிட்டு, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்விதிப்படி விற்கப்படும் புட்டியின்மேல் இது மருத்துவ உபயோகத்துக்கன்று என்ற வாசகம் அச்சாக வேண்டும். ஆயுர்வேத நூல்களில் சொல்லிய முறைப்படி செய்யும் உணவுகளுக்கு, ஆயுர்வேத ஆகாரம் என்ற தனி வகுப்பும் 2022-இல் ஏற்பட்டது. இன்ன நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாய்வதற்குக் காத்திருக்கிறது. பாய்வது அபூர்வம் என்பது வேறு விஷயம்.

இதுவரை சொன்னவை யாவும் சுலபமான பகுதி. கடினமான பகுதி மலையில் இருக்கிறது. சந்தைக்கு வரும் கிழங்கில் பெரும்பங்கு பயிரிடப்பட்டதன்று. காட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. கடப்பாரையும் கையுமாகப் போய்ப் பாறையிடுக்கில் அதைத் தோண்டுகிறவர்கள் பெரும்பாலும் யானாதிகள் முதலிய மலைசார்ந்த குடிகள். யானாதிகளின் மூலிகை ஞானத்தைத் திருப்பதியில் இருந்துகொண்டு வேதவதியும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊர் ஊராகச் சென்று சேகரித்து, சித்தூர் ஜில்லாவின் பழங்குடி வைத்தியம் பற்றி 1997-இல் ஒரு நூலாக்கினார்கள். 1956-இல் தோன்றிய ஆந்திரத்துக் கிரிஜன் கூட்டுறவுக் கழகம், மலைவாசிகளிடம் தேனும் கிழங்கும் கொள்முதல் செய்து, அரக்குக் காப்பியோடு நன்னாரி சர்பத்தையும் தன் பெயரிலேயே விற்கிறது. இருந்தாலும் தோண்டுகிறவனுக்குக் கிடைப்பது கூலி. பெயரிட்டு விற்கிறவனுக்குக் கிடைப்பது லாபம். காடோ வரவரக் குறுகிவருகிறது. 1989-இல் திருமலைக் காடுகளின் பெரும்பகுதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாயிற்று. 2010-இல் 4,755 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. செம்மரக் கடத்தலின் பொருட்டுக் காவல் கடுமையாகி, 2015 ஏப்ரலில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்ட மலை அது. வனவுரிமைச் சட்டம் 2006-இலேயே சிறு வனப்பொருள்களின் உரிமையைப் பழங்குடியினருக்கு அளித்துவிட்ட போதிலும், கடப்பாரையோடு காட்டில் நடக்கிற ஏழைக்கு அச்சட்டம் எவ்வளவு தூரம் துணைவரும் என்று யார் சொல்லமுடியும்? இதற்கிடையில் மாகாளிக் கொடி உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவின் அபாயத்திலுள்ள இனங்களுள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

காட்டை நம்பிச் சந்தையை விரித்தால் என்ன நேரும் என்பதை ஜின்செங்கின் சரித்திரமே ஒருமுறை காட்டியிருக்கிறது. சீனத்திலிருந்த ஜார்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மஞ்சூரியாவில் தாம் கண்ட ஜின்செங்கைப் பற்றி 1711-இல் எழுதிய கடிதத்தைக் கனடாவில் இருந்த லஃபித்தோ என்ற பாதிரியார் படித்தார். இதே தட்பவெப்பமுள்ள தம் காடுகளிலும் அது இருக்கலாமென்று தேடி, 1716-இல் மாண்ட்ரியல் நகருக்கு அருகே, மோஹாக் குடியினரின் உதவியால், அதன் அமெரிக்க உடன்பிறப்பைக் கண்டுபிடித்தார். சீனத்துக்கு ஏற்றுமதி பெருகிற்று. விலை வானளாவ ஏறிற்று. வயலில் அறுப்பை விட்டுவிட்டு ஜனங்கள் காட்டுக்கு ஓடினார்கள். பருவம் வராத வேரைப் பிடுங்கி, உலர்த்தப் பொறுமையின்றி அடுப்புச் சூட்டில் வாட்டி, கப்பலேற்றினார்கள். சீன வணிகர் அந்தச் சரக்கை ஒதுக்கிவிட்டார்கள். 1750-களின் நடுவில் அவ்வியாபாரம் சரிந்து விழுந்தது. காடும் வெறுமையாயிற்று, பெயரும் கெட்டது. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, 1975-இல், அமெரிக்க ஜின்செங் சர்வதேச வனவுயிர் வாணிப ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; ஐந்து வயது நிரம்பாத காட்டு வேரை அமெரிக்காவிலிருந்து இன்று ஏற்றுமதி செய்ய முடியாது.

ஆகவே சித்தூரில் மாகாளித் தொழில் தொடங்க விரும்புகிறவர் முதலில் வாங்கவேண்டியது இயந்திரமன்று, நாற்று. இதிலும் கொடி எளிதில் இணங்குவதில்லை. ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாலமன் ராஜுவும் ரமணாவும் இக்கொடியின் மகரந்தச் சேர்க்கையை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தன் மகரந்தத்தால் தானே காய்க்காத இக்கொடி ஒரு வண்டினத்தையே நம்பியிருக்கிறது. இயற்கையில் பூக்கும் பூக்களில் நூற்றுக்கு இரண்டுக்குமேல் காயாவதில்லை. பட்டு மயிர் முளைத்த விதைகள் காற்றில் பறந்து எங்கோ விழுந்து முளைத்தாலும், அடுத்த மழை தவறினால் கருகிப்போகின்றன. மலையிலே கிழங்கெடுக்கிறவன் முழுக்கொடியையும் பெயர்த்துவிட்டால் அந்த இரண்டும் இல்லை. இந்தத் தடையைக் கடக்க மைசூர் நிலையத்தார் திசு வளர்ப்பு முறையில் நாற்றுகளைப் பெருக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பயிரிட்டாலும் கிழங்கு திரள்வதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆறாண்டு காத்திருக்கும் கொரிய உழவனுக்கு அதற்கேற்ற விலையும் ஒழுங்கான சந்தையும் உண்டு. நம் விவசாயிக்கு அவற்றில் ஒன்றாவது இருந்தாலன்றி அவன் எதற்காகக் காத்திருப்பான்?

தோண்டுகிறவனின் பங்கைப் பற்றிப் பேசும்போது அகத்திய மலையின் காணிகளை மறக்கமுடியாது. 1987-இல் அம்மலையில் ஆராய்ச்சிக்காக ஏறிய புஷ்பாங்கதன் முதலியோர், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஒரு சிறு செடியின் பழத்தைத் தின்றுகொண்டு களைப்பறியாமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அச்செடியைக் காணிகளின் ஜின்செங் என்று பின்னர் எழுதினார்கள். பாலோட்டிலுள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ஜீவனி என்ற பொருளை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் உரிமம் தந்தது. வந்ததில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997-இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. உலகமெங்கும் புகழப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் அச்செடியின் இலையைக் காட்டிலிருந்து எடுத்து விற்பதற்கு வனத்துறை இடம்கொடுக்கவில்லை. மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, தொழில் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. பணத்தைப் பங்கிட்டுக்கொள்ள எழுதிய ஒப்பந்தத்தில், செடியை எங்கே வளர்ப்பது என்ற கேள்விக்கு முதலிலேயே விடை எழுதியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

சித்தூரில் அந்த விடைக்கு வேண்டிய நிலமும் ஆலையும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. 2022-இல் திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்த பிறகும், இரு ஜில்லாக்களிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கிளிமூக்கு மாந்தோப்புகள். அம்மாம்பழத்தைக் கூழாக்கி, கிருமி நீக்கி, காற்றுப் புகாத பைகளில் அடைத்து அயல்நாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள் பல. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை விழுந்து, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசாங்கம் 4 ரூபாயுமாகக் கொடுத்து 12 ரூபாய்க்கு ஈடுகட்ட வேண்டியிருந்தது. பழத்தை நம்பியிருந்த தோப்புக்காரர்களுக்கு வேறொரு வரவின் அவசியம் அன்று நன்கு விளங்கிற்று. தோப்பின் வேலியோரத்திலும் பாறைப் பாங்கான, மாவுக்கு உதவாத மேட்டிலும் மாகாளிக் கொடியை ஏற்றிவிட்டு, மாம்பழம் தரும் ஆண்டு வருமானத்தின் நிழலில் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். நாற்றங்கால் வேலையையும் தோண்டும் வேலையையும் யானாதிக் குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே ஒப்படைக்கலாம். கொடியை அவர்களைவிட நன்றாய் அறிந்தவர் எவரும் இல்லை. மாம்பழம் ஓடுவது வைகாசி முதல் ஆவணி வரைக்குந்தான். பின்பு கொய்யாவும் தக்காளியும் சிறிது ஓடினாலும், கொதிகலனும் வடிகட்டியும் நிரப்பும் இயந்திரமும் பல மாதங்கள் அரைவேலையாய்க் கிடக்கின்றன. கிழங்கை இடித்து மூடிய கலத்தில் ஊறவைத்து வடிக்க, புதிதாகச் சேர்க்கவேண்டிய கருவிகள் சொற்பமே. முதல் சில ஆண்டுகளுக்குப் பெரிய வியாபாரம் எதுவும் எதிர்பார்க்காமல், வேலியில் விளைந்த கிழங்கு எத்தனை கிலோவோ அத்தனைக்கு மட்டும் புட்டி போடுவதென்ற கட்டுப்பாட்டை ஓர் ஆலையாவது மேற்கொண்டால், திருப்பதி பஸ் நிலையத்துக் கடையில் சர்க்கரையற்ற நன்னாரிச் சோடா கிடைப்பதற்குத் தொழில்முறையில் தடையேதும் எனக்குத் தெரியவில்லை.